பெருவுக்கு முழுப்பேர், கியூபாவுக்கு அரைப்பேர்

என் மாமியார் ஜீவராணிக்குப் பெரு நாடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதுளையில் நின்று பார்த்தால் அது எந்தப் பக்கம் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது. மாமியாரிடம் தெரியாது என்று சொல்ல எந்த மருமகனுக்கு மனம் வரும்? பசறைப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து பசறை ரோட்டில் போகும்போதெல்லாம் அந்தத் திசையை ஒரு மரியாதையோடு பார்ப்பார். பெருவில் ஒரு ஹெக்டேயரில் நூற்றிருபது தொன் கரும்பு வெட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். "வேலைக்கார சனம்" என்று அவர்களைப் பற்றிச் சொல்வார்.

கியூபா என்றால் முகத்தைச் சுளிப்பார். ஒரு காலத்தில் நன்றாக ஏறிக்கொண்டு வந்த நாடு, பிறகு சரிந்து பாதிக்கு வந்துவிட்டது என்று அவருக்கு அதன்மேல் கோபம். உரத்துக்கும் எண்ணெய்க்கும் அவர்கள் பட்ட பாட்டை நான் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "கங்காணிகிட்ட காரணம் சொல்லாதீங்க மாப்புள, நெறுவையைக் காட்டுங்க" என்று வாயை அடைத்துவிட்டார். நெறுவை என்றால் தோட்டத்துப் பேச்சில் எடை.

பாடசாலை வான் ஓட்டுகிற எனக்கு, இந்தச் சுரேஸுக்கு, பெருவும் கியூபாவும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாமியாரின் மகள் தயானியைக் கட்டியதால் வந்த சீதனம் இது. வேறு சீதனம் ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஆட்களை வேலை வாங்கும் பெண் கங்காணியானவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அவர் காலத்தில் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். இரண்டு அரைப்பேரைச் சேர்த்து மாதக் கடைசியில் ஒரு பேராகக் கணக்கெடுப்பார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறுவது அந்தப் பேருக்காகத்தான். ஈரக் கொழுந்தைக் கூடையில் அமுக்கிக்கொண்டு வருகிறவர்களை மாமியாருக்குத் தூரத்திலேயே தெரியும். தண்ணீருக்கு எத்தனை கிலோ கழிக்கவேண்டும் என்று கூடையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். கூடவே தனக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். தப்பாகப் பேர் போட்டால் அன்றைக்குக் கங்காணிக்கே அரைப்பேர். ஆறு வருடத்தில் அந்தச் சட்டம் ஒருநாளும் தேவைப்படவில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒருநாள் அவருடைய அம்மா அழகாயி பதினான்கு கிலோவோடு நெறுவைக்கு வந்தார். முதல் நாள் காய்ச்சலில் கிடந்தவர். நெறுக்கிறவரே மனமிரங்கி, இரண்டு கிலோதானே, விட்டுவிடலாம் என்றிருக்கிறார். மாமியார் விடவில்லை. பதினாலென்றால் அரைப்பேர்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. அம்மா மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார். ஆனால் அந்த அரைப்பேரைப் பற்றி இருவருமே பிறகு வாயைத் திறக்கவில்லை. எட்டு வருடம் கழித்து அம்மா செத்தும் போனார். மாமியார் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்டால், கணக்குப்படி சரி, எனக்கு அவர்மேல் கோபம் என்றுதான் சொல்வேன்.

அந்தச் செய்தி கடல் தாண்டி அக்காவுக்கும் போனது. மாமியாரின் அக்கா பெரியாயி, எண்பத்திரண்டில் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போனவர். அவர்கள் பக்கம் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது; இவர்கள் பக்கம் இலங்கைப் பிரஜாவுரிமை. பதுளை ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில் அக்கா அழுதுகொண்டே, "அங்க எங்களுக்கு மண்ணு இருக்கும். நீ இந்த லயத்துலயே கெட, ஒரு சாண் மண்ணு ஒனக்கு ஒட்டாது" என்று சொல்லியிருக்கிறார். பிரிகிற துக்கத்தில் வந்த வார்த்தைதான். பத்தொன்பது வயதுத் தங்கச்சி அதைக் கல்லில் வெட்டியதுபோல மனதில் எழுதி வைத்துக்கொண்டார். அம்மாவின் அரைப்பேர் விஷயம் தெரிந்ததும் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரே வரி: அம்மாவுக்கே அரைப்பேர் போட்ட மகராசி, நல்லாயிரு.

இரண்டாயிரத்து நாலில் மாமனார் வீரய்யாவுக்குப் புத்தளைப் பக்கம் கீழே ஒரு ஹெக்டேயர் கரும்புக் காணி குத்தகைக்குக் கிடைத்தது. மாமியார் கங்காணி வேலையை விட்டுவிட்டு மலையிறங்கினார். ஒரு சாண் இல்லை, ஒரு ஹெக்டேயர் மண் என்று அக்காவுக்குச் சொல்லவேண்டுமே. அக்காவும் அதற்குள் கொள்ளிடக் கரையில், லால்குடிப் பக்கம், கரும்பு போட ஆரம்பித்திருந்தார். அடுத்த பொங்கலுக்கு அக்கா தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கரும்பு எப்படி என்று கேட்டார். மாமியார், "அம்பத்தெட்டு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு அக்கா, "எங்களுக்கு முப்பத்தெட்டு" என்றார்.

மாமியார் அன்றைக்கு இரண்டாம் தரம் பொங்கல் வைத்தார் என்று தயானி சொல்வாள்.

அதிலிருந்து இருபது வருடம், ஒவ்வொரு பொங்கலன்றும் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு எண்கள் போய்வந்தன. அறுபது, முப்பத்தொன்பது. ஐம்பத்தாறு, நாற்பது. அறுபத்திரண்டு, நாற்பத்திரண்டு. ஒரு வருடமாவது மாமியார் தோற்கவேண்டுமே! தோற்கவில்லை. வறட்சி வந்து ஐம்பதுக்கு இறங்கிய வருடத்திலும் அக்காவைவிடப் பத்து கூடுதல். எண்ணைச் சொல்லிவிட்டு, "பரவால்லக்கா, மனச விட்டுராத" என்று ஆறுதலும் சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்கிறவருக்கு எப்படி எரிந்திருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உலக நாடுகள் உள்ளே வந்தது என்னால். தயானி அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் எந்த நாட்டில் எந்த வருடம் எவ்வளவு கரும்பு விளைந்தது என்றெல்லாம் பார்க்கலாம் என்று நான் சும்மா இருக்காமல் காட்டிவிட்டேன். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கோடு இழுத்து, நாடுகளுக்கு ஒரு செக்ரோல் திறந்துவிட்டார். கொழுந்துக்குப் பதினாறு கிலோ மாதிரி, கரும்புக்கு ஹெக்டேயருக்கு அறுபது தொன் என்று தானே ஒரு கணக்கு வைத்தார். அதற்கு மேலே வெட்டின நாட்டுக்கு முழுப்பேர், கீழே வெட்டின நாட்டுக்கு அரைப்பேர். அறுபத்தொன்றாம் வருடத்தில் பிரேசிலுக்கு அரைப்பேர், இந்தியாவுக்கும் அரைப்பேர். பிறகு இரண்டும் ஏறி ஏறி முழுப்பேருக்கு வந்துவிட்டன. எகிப்துக்கு முழுப்பேர். பெருவுக்கு முழுப்பேரும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும். நம் நாடு அறுபதைத் தொடுவதும் வழுக்குவதுமாக இருந்தது. தேசபக்தி பார்க்காமல் அதற்கும் அரைப்பேர்தான் போட்டார்.

தாளின் அடியில் தனியாக இரண்டு வரி. அங்கே அறுபது கணக்கு இல்லை, இரண்டு பேரில் கூட வெட்டினவருக்கு முழுப்பேர், குறைய வெட்டினவருக்கு அரைப்பேர். ஜீவராணி, இலங்கை: முழுப்பேர். பெரியாயி, இந்தியா: அரைப்பேர். இருபது வருடத்துக்கும் போட்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நானும் கவனிக்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். இந்தியா சராசரியாக எண்பது தொன்னுக்குக் கிட்ட எடுக்கிறது என்று அதே தாளில் எழுதியிருக்கிறது. அப்படியானால் அக்கா மட்டும் எப்படி நாற்பத்திரண்டு? மாமியார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எங்க அக்காவுக்கு சின்ன வயசுலேயே ஒடம்பு வளையாது" என்று முடித்துவிட்டார். உடனே போன் போட்டு, தோகையை எரிக்காமல் மண்ணில் மூடச்சொல்லி, சாணி உரம் கூடுதலாகப் போடச்சொல்லி அரை மணி நேரம் புத்திமதி வேறு. ஜெயிக்கிற நேரத்தில் யார் தராசைச் சோதிக்கிறார்கள்? தோற்றிருந்தால் அந்தத் தராசை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்திருப்பார். எனக்கு அது நிச்சயம்.

அந்தப் புத்திமதிதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. "நேர்ல வந்து ஒன் காட்டைப் பாக்குறேன்டி" என்றார் பெரியாயி. "யாரு கொறைச்சலோ அவ நம்ம லயத்து சனம் முன்னாடி எந்திரிச்சு, எனக்கு அரைப்பேருன்னு தன் வாயால சொல்லணும்." மாமியார் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஸ்டேஷனில் கேட்ட வார்த்தைக்கு, அதே ஊர் சனத்தின் முன்னால் பதில் சொல்லப்போகிறோம் என்று அவருக்கு ஒரே ஆனந்தம். பிறந்த ஸ்பிரிங்வெளி லயத்திலேயே ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு என்று சொந்தக்காரர் முப்பது பேருக்கும் சொல்லியனுப்பினார். கலண்டர் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் வானில் முன்கூட்டியே ஏற்றியும் விட்டார்.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெரியாயி பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அறுபத்து நாலு வயது, வெற்றிலைச் சிவப்பு வாய், குரல் மட்டும் ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும். அக்காவும் தங்கச்சியும் பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுதுமுடித்த கையோடு, நீ கறுத்துப் போய்விட்டாய், நீ குட்டையாகிவிட்டாய் என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன்.

எல்ல வழியாக இறங்கி வெல்லவாயப் பக்கம் போகும்போது பின் சீட்டில் கரும்புப் பேச்சுத் தொடங்கியது. நோய், எலி, காட்டுப்பன்றி, எங்களுக்கு மட்டும் யானை. யானை விஷயத்தில் மாமியார் ஒரு படி மேலே நின்றார். அப்போது பெரியாயி சாதாரணமாகக் கேட்டார்:

"நாங்க ஏக்கருக்கு முப்பதாயிரம் கரணை நடுறோம். ஒனக்கு எம்புட்டு புடிக்குது?"

கரணை என்பது நடுவதற்காகக் கணுவோடு வெட்டிய கரும்புத் துண்டு. கண்ணாடியில் பார்த்தேன். மாமியாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் காணிக்கு எழுபதாயிரத்துக்கு மேல் துண்டு வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கட்டுக்கட்டாக எண்ணி இறக்கியவர் அவர்தான். முப்பதாயிரத்தைக் கொண்டு அந்தக் காணியில் பாதி கூட நட முடியாது. இருபது வருடத்தில் அக்கா 'ஏக்கர்' என்று சொன்னது அதுதான் முதல் தரம். அதுவரைக்கும் இரண்டு பேரும் எண்ணை மட்டும்தான் சொன்னார்கள். தோட்டத்தில் எல்லாம் ஹெக்டேயராகி எவ்வளவோ காலமாகிவிட்டதால், உலகத்தில் இன்னும் ஏக்கர் என்று ஒன்று நடமாடுகிறது என்பதையே மாமியார் மறந்திருந்தார்.

"எங்களுக்கும் அவ்வளவுதான்" என்றார் கடைசியில். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது.

சனிக்கிழமை அக்காவைக் காணிக்குக் கூட்டிப் போனார். கரும்பு ஆளுயரத்துக்கு நின்றதால் எல்லை தெரியவில்லை. பெரியாயி தோகையைத் தடவிப் பார்த்தார், ஒரு கரும்பை ஒடித்துக் கடித்தார், மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்தார். "நல்ல மண்ணுடி" என்று இரண்டு தரம் சொன்னார். இருபது வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. மாமியார் தலையை மட்டும் ஆட்டினார்.

சாயந்தரம் நான் வானைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்புள, ஒரு எக்டருக்கு எத்தனை ஏக்கரு?"

போனில் தட்டிப் பார்த்து, இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு என்றேன்.

"நாப்பத்திரண்ட அதால பெருக்குங்க."

பெருக்கினேன். நூற்று நாலுக்குக் கிட்ட வந்தது. போனை அவரிடம் காட்ட எனக்குக் கை வரவில்லை. அவராகவே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விஷயம் முழுக்க உறைத்தது. அக்கா முழுப்பேர் எடுத்தது மட்டுமில்லை, பெருவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். நாங்கள் அவருக்கு இருபது வருடமாக அரைப்பேர் போட்டு, ஆறுதலும் சொல்லி, சாணி போடவும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மாமியார் தோற்று நான் பார்த்ததில்லை; பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை. யாருக்கும் தெரியாது மாமி, உங்க அக்காவுக்கே தெரியாது, திங்கட்கிழமை பிளேன் ஏறப்போகிறவங்க, சும்மா விட்டுவிடுங்க என்று கெஞ்சினேன். நாளைக்குச் செக்ரோலை வாசிக்காமல் சாப்பாட்டோடு முடித்துவிடலாம் என்றும் வழி சொன்னேன். அவர் வானின் டயரில் ஒட்டியிருந்த சேற்றைச் சுட்டிக்காட்டி, அதைச் சரியாகக் கழுவச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளியில் ஆட்டுக்கறிச் சோறு. லயத்து வாசலில் துணி காயப்போடும் கயிற்றில் கலண்டர் தாள்களை வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் இது பழகிப்போன விளையாட்டு. காலையில் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற மாதிரியே மாமியார் நாடுகளைக் கூப்பிடுவார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆள் பதில் சொல்லவேண்டும். பிரேசில் மாமனார் வீரய்யா. எகிப்து தயானி. பெரு என் சின்ன மகள், எழுந்து நின்று கும்பிடு போடுவாள். கியூபா என் சித்தப்பா மகன் ரஜீவ். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் தூங்குகிறவன் என்பதால் மாமியார் அவனுக்குப் பொறுக்கிக் கொடுத்த நாடு அது. அவனும் கூச்சமில்லாமல் கையைத் தூக்கி அரைப்பேரை வாங்கிக்கொள்வான்.

அன்றைக்கும் அப்படியே நடந்தது. பெரியாயி வெற்றிலையை மென்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாடுகள் முடிந்தன. மாமியார் அடித்தாளுக்கு வந்தார். வாசிக்காதீர்கள் என்று கண்ணால் சைகை காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"பெரியாயி, இந்தியா" என்று கூப்பிட்டார்.

"வந்திருக்கேன் கங்காணி" என்று அக்கா எழுந்தார். தோற்றதைச் சொல்லத் தயாராக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ ஒக்காருக்கா" என்றார் மாமியார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். குரல் நெறுவைக் களத்துக் குரல்தான். "இருவது வருசமா அக்காவுக்கு அரைப்பேர் போட்டிருக்கேன். அது தப்பு. அவ சொன்னது ஏக்கர் கணக்கு, நான் சொன்னது எக்டர் கணக்கு. நம்ம கணக்குல அவ வெட்டினது நூத்தி நாலு. நான் வெட்டினது அறுவத்திரெண்டு. ஒரு வருசங்கூட நான் ஜெயிக்கல. தப்பா பேர் போட்டா கங்காணிக்கு அரைப்பேருன்னு நான்தான் சட்டம் வச்சேன். எனக்கு அரைப்பேர்."

காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்து, தன் பேருக்கு எதிரே இருந்த முழுப்பேரை அடித்துவிட்டு அரை என்று எழுதினார். ரஜீவ் மட்டும், கியூபாவுக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு என்று மெதுவாகச் சொன்னான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினார்.

பெரியாயிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அந்தக் கோபத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இருபது வருடம் நாங்கள் தூங்கவில்லையடி என்று கத்தினார். உன்னை ஜெயிக்கவேண்டும் என்றுதான் சொட்டுநீர்க் குழாய் போட்டோம், புது ரகம் தேடி ஊர் ஊராக அலைந்தோம், எங்கள் வீட்டுக்காரர் விவசாய ஆபீசில் போய்ச் சிலோன் கரும்பு விதை கேட்டு அவமானப்பட்டு வந்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். அப்படித்தான் முப்பத்தெட்டு நாற்பத்திரண்டானதாம். எங்கள் மாமியார் ஹெக்டேயர் என்று சொல்லாமல் விட்ட எண்ணால் இந்தியாவில் விளைச்சல் ஏறியிருக்கிறது! நான் சிரிப்பை அடக்க வானுக்குப் பின்னால் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பெரியாயியின் குரல் இறங்கியிருந்தது.

"ஏக்கருக்கு அறுவது டன்னா, ஒன் தங்கச்சி புளுகுறான்னு மில்லுல எல்லாரும் சொன்னாங்க" என்றார். "நான் ஒருத்திதான் ஒத்துக்கல. அம்மாவுக்கே அரைப்பேர் போட்டவ, அவ பொய் சொல்ல மாட்டான்னு சண்டை போட்டேன்."

மாமியார் தலை நிமிரவில்லை. அம்மா என்ற சொல் வந்ததும் முகம் கோணிவிட்டது. இருபத்து மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு.

"அழுவாத" என்றார் பெரியாயி. சொன்னவரின் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "பென்சில எடு. அம்மாவோட அரைப்பேர் ஒண்ணு கெடக்குல்ல?"

"கெடக்குக்கா."

"இன்னைக்கு ஒன்னோடது ஒண்ணு. ரெண்டு அரை சேந்தா என்ன?"

"ஒரு பேரு."

"யாருக்கு எழுதுவ?"

மாமியார் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கயிற்றில் ஆடிய தாளை அக்கா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். பெரு, பிரேசில், எகிப்து எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. மாமியார் அங்கே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: அழகாயி, ஸ்பிரிங்வெளி, முழுப்பேர். எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் திகதியும் போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.